முத்திரைத் தாளில் பறிபோகும் ஜீவனாம்சம்

நவி மும்பையின் கோபர்கைரனேயில், சிட்கோ நிறுவனம் கட்டிக்கொடுத்த சிறு வீடுகளின் வரிசைகளில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. தாராவியில் இடம் போதாமல் வந்தவர்கள், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்ட முடியாமல் நகர்ந்தவர்கள், துர்பே மொத்தச் சந்தையையும் தாணே–பேலாப்பூர் தொழிற்பேட்டையையும் நம்பி ஊரிலிருந்து நேரே வந்திறங்கியவர்கள் என இவர்களில் பல வகையினர் உண்டு. அங்கே பணியாற்றும் நம் தோழர் ஒருவரிடம் அண்மையில் சாட்சிக் கையெழுத்துக்காக ஒரு தாள் கொண்டுவரப்பட்டது.

500 ரூபாய் முத்திரைத் தாள். மராத்தியில் தட்டச்சு செய்யப்பட்டு, அடியில் நோட்டரியின் முத்திரைக்கு இடம் விடப்பட்டிருந்தது. கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். மனைவி நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள். ஒரு லட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு மனைவி ஒப்புக்கொள்வதாக அதில் எழுதப்பட்டிருந்தவை இவை: இருவரும் பரஸ்பரச் சம்மதத்துடன் பிரிந்து வாழ்கிறோம், வீட்டிலும் கணவரின் சம்பளத்திலும் சேமநலநிதியிலும் எனக்கு எந்த உரிமையும் கிடையாது, ஜீவனாம்சம் கேட்டு எந்த நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன். விவாகரத்து என்ற சொல் தாளில் எங்கும் இல்லை. திருமணம் அப்படியே நிற்கிறது; அதிலிருந்து பொருளாதாரக் கடமை மட்டும் கழற்றி எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மராத்தி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தோழர் கையெழுத்திட மறுத்தார். வேறொரு சாட்சி கிடைப்பது கடினமாக இருந்திருக்காது.

இத்தகைய தாளை வழக்கறிஞர்கள் மணத்திற்குப் பிந்தைய ஒப்பந்தம் என்கிறார்கள். வசதி படைத்த தம்பதிகள் தங்கள் பங்குகளையும் அடுக்குமாடி வீடுகளையும் பிரித்து எழுதிக்கொள்ளும் நவீன ஏற்பாடாக ஆங்கில நாளேடுகள் இதைப் பற்றி எழுதுகின்றன. உழைக்கும் மக்களிடையே இது புதிதல்ல. மராத்தியர் வழக்கில் 'சோட்சிட்டி' என்ற விடுப்புச் சீட்டு உண்டு. நம் தென்மாவட்டங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 'தீர்த்துவிடுவது' உண்டு. பெயர் மாறினாலும் கையெழுத்திடும்போது எதையும் பெறாமல் எழுந்து செல்பவர் பெரும்பாலும் பெண்தான்.

நம் ஏடு இதைப் பற்றிப் பேசவேண்டிய காரணம் ஒன்று உண்டு. இந்தத் தாள்கள் எழுதப்படுவது நீதிமன்றத்தில் அல்ல. சங்க அலுவலகங்களிலும், சாதிச் சங்கங்களின் அறைகளிலும், வட்டாரப் பிரமுகர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் எழுதப்படுகின்றன. சமரசம் செய்துவைக்க நம் தோழர்களையும் அழைக்கிறார்கள். எனவே இத்தகைய தாள் என்ன செய்கிறது, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதை நாம் தெளிவாக அறிந்திருக்கவேண்டும்.

அன்பைத் தேடிய நீதிமன்றம்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கைம்மாறு இல்லாத வாக்குறுதியை ஒப்பந்தமாக ஏற்பதில்லை. 25ஆவது பிரிவு இதற்கு ஒரு விதிவிலக்குத் தருகிறது: நெருங்கிய உறவினருக்கிடையே இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் எழுத்தில் எழுதிப் பதிவு செய்யப்பட்டதாயின், கைம்மாறு இல்லாவிட்டாலும் செல்லும். கணவன் மனைவியைவிட நெருங்கிய உறவு ஏது என்று நாம் நினைப்போம். 1900இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு வந்த ராஜலக்கி தேபி – பூத்நாத் முகர்ஜி வழக்கு அந்த நினைப்பைத் தகர்த்தது. மனைவி தனியே வசிப்பதற்கும் அவளது பராமரிப்புக்கும் மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகக் கணவர் பத்திரம் எழுதிப் பதிவும் செய்திருந்தார். அதே பத்திரத்தில் இருவருக்கும் இடையே இருந்த சண்டை சச்சரவுகளும் குறிப்பிடப்பட்டிருந்தன. நீதிமன்றம் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, இதில் அன்பின் சுவடே இல்லை, ஆகவே இது செல்லாது என்றது. மனைவி பத்திரத்தில் கண்ட தொகையைப் பெறவில்லை.

இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் தீர்ப்பு இது. சண்டை வந்ததால்தானே பத்திரமே எழுதினார்கள்! அன்பு பொங்கும் வீட்டில் மாதப்படிக்குப் பத்திரம் எழுதுவார் யார்? மணவாழ்வின் புனிதத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் அக்கால நீதிமன்றங்கள் இத்தகைய ஏற்பாடுகளைப் புறக்கணித்தன. அந்தப் புனிதத்திற்கான விலையை இங்கே கொடுத்தது கணவர் அல்ல. ஆகவே மணவாழ்வு புனிதமானது, அதில் ஒப்பந்தம் நுழையக்கூடாது என்ற பழைய வாதத்தை நாம் கையிலெடுக்க முடியாது. அது நிலப்பிரபுத்துவக் குடும்பத்தின் வாதம்.

வேறொரு வாதம் உண்டு. அதை உச்சநீதிமன்றத்தில் வலுவாக எடுத்துரைத்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1957இல் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்டத்துறை உள்ளிட்ட பொறுப்புகளை வகித்தவர். 1973 முதல் 1980 வரை உச்சநீதிமன்ற நீதிபதி. அவர் 1978 அக்டோபரில் வழங்கிய பாய் தாஹிரா தீர்ப்பு நம் பம்பாயிலிருந்தே சென்ற வழக்கு. 1956இல் மணம், ஒரு மகன், 1962இல் மணமுறிவு. அப்பெண் குடியிருந்த வீட்டைப் பற்றிய வழக்கு சமரசமாக முடிந்தது: வீடு அவருக்கு, மஹர் 5,000 ரூபாய், இத்தா காலத்துக்கு 180 ரூபாய், இனிக் கணவர் மீது எந்த உரிமையும் எனக்கு இல்லை என்ற வாசகம். பிறகு இருவரும் சிறிது காலம் மீண்டும் சேர்ந்திருந்து மறுபடியும் பிரிந்தார்கள். அவர் ஜீவனாம்சம் கேட்டபோது மாஜிஸ்திரேட் தாய்க்கு மாதம் 400 ரூபாயும் மகனுக்கு 300 ரூபாயும் வழங்கினார். செஷன்ஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உயர்நீதிமன்றம் விசாரிக்காமலே தள்ளுபடி செய்தது. எந்த உரிமையும் இல்லை என்று அவர் முன்பு எழுதித் தந்த வாசகத்தையும் கணவர் தரப்பு உச்சநீதிமன்றத்தில் காட்டியது.

கிருஷ்ணய்யர் அந்த வாசகத்தின் முன் தயங்கி நிற்கவில்லை. கொடுக்கப்பட்ட தொகை ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தாங்குமா என்று கேட்டார். தாங்காத தொகையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆதரவற்ற பெண்கள் தெருவில் விடப்படக்கூடாது என்பதற்காகச் சமூகம் இயற்றிய சட்டத்தைத் தனிப்பட்ட இருவரின் ஏற்பாடு கரைத்துவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு மீண்டும் உயிர்பெற்றது.

அந்தத் தடத்திலேயே பின்னர் வந்த தீர்ப்புகள் சென்றன. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு பெண் 8,000 ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, இனிக் கேட்கமாட்டேன் என்று நீதிமன்றத்திலேயே சமரச மனு கொடுத்திருந்தார். அவர் பின்னர் ஜீவனாம்சம் கேட்பதற்கு அது தடையல்ல, உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த ஏற்பாடு பொதுக்கொள்கைக்கு விரோதமானது என்று 2013 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியது. பம்பாய் உயர்நீதிமன்றமும் 2018இல் இதையே சொன்னது: மனைவி தாமாக முன்வந்து கையெழுத்திட்டிருந்தாலும், எதிர்கால ஜீவனாம்சத்தைத் துறக்கும் ஒப்பந்தம் செல்லாது. சொத்துமாற்றுச் சட்டமும் எதிர்காலப் பராமரிப்பு உரிமையைக் கைமாற்ற முடியாத ஒன்றாகவே வைத்திருக்கிறது.

செல்லாத தாள், ஆனால் வேலை செய்யும் தாள்

அப்படியானால் கோபர்கைரனேத் தாளைக் கண்டு அஞ்சுவானேன் என்று சிலர் கேட்கலாம். சட்டப்படி அது பெரும்பாலும் செல்லாத தாளே. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவுச் சட்டப்படிப் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். நோட்டரியின் சிவப்பு முத்திரை பதிவாகாது. ஆனாலும் அந்தத் தாள் வேலை செய்கிறது. கையெழுத்திட்டுவிட்டோம், இனி நம்மால் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண் நம்புகிறாள் அல்லவா, அதுதான் அதன் முதல் வேலை. தாணேக்கோ பேலாப்பூருக்கோ ஒரு நாள் கூலியை இழந்து நீதிமன்றம் செல்லவேண்டிய பெண், செல்லாமலே இருந்துவிடுகிறாள்.

இரண்டாவது வேலை நுட்பமானது. தோழர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தாளின் முதல் வரியில் சாதுவாக அமர்ந்திருக்கும் 'பரஸ்பரச் சம்மதத்துடன் பிரிந்து வாழ்கிறோம்' என்ற சொற்றொடரே மற்ற எல்லா வாசகங்களையும்விட ஆபத்தானது. மனைவிக்கு ஜீவனாம்சம் தரும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கிறது. பழைய பிரிவிலும் புதிய பிரிவிலும் ஒரே விதிவிலக்கு உண்டு: கணவனும் மனைவியும் பரஸ்பரச் சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை. பரஸ்பரச் சம்மதத்தின் பேரில் முறைப்படி விவாகரத்துப் பெற்ற பெண்ணுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது என்பதை உச்சநீதிமன்றம் 1995இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆக, விவாகரத்துப் பெற்றவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மனைவியாகவே நீடித்துக்கொண்டு தாளில் கையெழுத்திட்டவளுக்கு மறுக்கப்படலாம். விவாகரத்து என்ற சொல் அந்தத் தாளில் ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும். உரிமையைத் துறக்கிறேன் என்ற வாசகத்தை நீதிமன்றம் தூக்கி எறியும். சம்மதத்துடன் பிரிந்தோம் என்ற வாசகத்தைச் சாட்சியமாகக் கையில் எடுக்கும். அடித்து விரட்டப்பட்டவளும் தாளின்படி சம்மதித்துப் பிரிந்தவளே.

சேமநலநிதியிலும் இதே கதைதான். சேமநலநிதித் திட்டத்தின்படி ஆண் தொழிலாளியின் மனைவி அவரது குடும்பத்தில் அடக்கம். தனிச் சட்டப்படியோ சமூக வழக்கப்படியோ மனைவி பராமரிப்பு உரிமையை இழந்துவிட்டாள் என்று அவர் நிரூபித்தால் மட்டுமே அவளைக் குடும்பத்திலிருந்து நீக்க முடியும். பராமரிப்பு வேண்டாம் என்று அவளே எழுதிக்கொடுத்த தாள் எந்த அலுவலக மேசையில் போய் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு இடமும் உண்டு, அது தாராவி. கோபர்கைரனேயில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குத் தாராவியில் இன்னும் ஓர் அறை இருக்கிறது. மாமியாரோ கொழுந்தனோ அதில் இருப்பார்கள். மும்பையின் குடிசைப்பகுதிச் சீரமைப்பு விதிகளின்படி, தகுதிபெற்ற குடிசைவாசிக்கு வழங்கப்படும் வீடு கணவன் மனைவி இருவருக்கும் கூட்டாகச் சொந்தம். வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழிலும் இருவர் பெயரும் இடம்பெறவேண்டும். இந்த நாட்டில் ஓர் ஏழைப் பெண்ணுக்கு, மனைவி என்ற ஒரே காரணத்தால், வீட்டில் பாதியை எழுத்தில் தரும் விதிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இது. அதானி குழுமம் 80 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. யார் உள்ளே, யார் வெளியே என்று பட்டியல் எழுதப்படும் காலத்தில், 'எனக்கும் அந்த வீட்டுக்கும் தொடர்பில்லை' என்று ஒரு மனைவியிடம் வாங்கிவைக்கும் கையெழுத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் அல்ல என்பது கணவர் வீட்டாருக்குத் தெரியும்.

ஒப்பந்தச் சுதந்திரம் யாருக்கு?

இப்போது எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கோரிக்கை வலுத்துவருகிறது. மணத்திற்கு முன்போ பின்போ தம்பதிகள் செய்துகொள்ளும் நிதி ஒப்பந்தங்களுக்கு முழுச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்கிறார்கள். 2023இல் டில்லி பாட்டியாலா ஹவுஸ் குடும்ப நீதிமன்ற நீதிபதி ஒருவர், மணத்திற்கு முந்தைய ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கும் காலம் வந்துவிட்டது என்று கருத்துரைத்தார். 2024 டிசம்பரில் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியர் தற்கொலை செய்துகொண்ட துயரத்திற்குப் பிறகு, ஜீவனாம்சம் என்றாலே ஆண்களைச் சுரண்டுவது என்ற பிரச்சாரம் தொலைக்காட்சி விவாதங்களை நிறைத்தது. வயதுவந்த இருவர், சம உரிமை உள்ளவர்கள், தங்கள் பணத்தைப் பற்றித் தாங்களே முடிவு செய்துகொள்வதில் அரசுக்கு என்ன வேலை? கேட்பதற்கு முற்போக்காகவே இருக்கிறது.

இந்தக் குரலை நாம் தொழிற்சாலை வாசலில் கேட்டிருக்கிறோம். 1884இல் வெளியான தம் நூலில் எங்கெல்ஸ் கூலி ஒப்பந்தத்தையும் திருமண ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்துப் பேசுகிறார். தாளில் இருவரையும் சமமாக்கிவிட்டதும் சட்டம் தன் கடமை முடிந்ததென்று திருப்தியடைகிறது. தாளுக்குப் பின்னால் வாழ்க்கையில் ஒருவருக்கு மற்றவர்மீது உள்ள அதிகாரத்தை அது பார்ப்பதில்லை. தொழிலாளர் இயக்கம் இதற்கு என்ன விடை கண்டது? ஒப்பந்தமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒப்பந்தத்துக்கு அடியில் ஒரு தளம் போட்டோம். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, குறைந்தபட்சக் கூலி உரிமையைத் தொழிலாளியே விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. நம் உரிமைகளில் பலவற்றைக் கத்தரித்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்புகூட அந்தக் கோட்பாட்டை முழுதும் அகற்றத் துணியவில்லை. அதிகம் தருவதாக எழுதிக்கொள்ளலாம். குறைவாகப் பெறுவதாக எழுதிக்கொள்ள முடியாது.

மேலைநாடுகளை மேற்கோள் காட்டுபவர்கள் மறைக்கும் செய்தி இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் 2008இல், மான் தீவிலிருந்து வந்த வழக்கொன்றில், மணத்திற்குப் பிந்தைய ஒப்பந்தம் பொதுக்கொள்கைக்கு விரோதமல்ல என்றது. 2010இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் மணத்திற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கும் உரிய மதிப்பளிக்க முடிவு செய்தது. அந்த அமர்வில் இருந்த ஒன்பது நீதிபதிகளில் ஒரே பெண்ணான பிரெண்டா ஹேல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பொருளாதாரத்தில் நலிந்தவருக்குச் சட்டம் தரக்கூடியதை மறுப்பதற்கே இத்தகைய ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன, நலிந்தவர் பெரும்பாலும் பெண்ணே என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அவ்வழக்கில் செல்வம் மனைவியுடையது, இழந்தவர் கணவர் என்பது உண்மைதான். பணத்தின் பக்கம்தான் தாள் சாயும் என்பதற்கு அதுவும் ஒரு சான்றே.

ஆனால் அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் மணவாழ்வில் சேர்ந்த செல்வத்தைப் பகிரும்போது சமபங்கு என்ற அளவுகோல் 2000ஆம் ஆண்டு முதலே நீதிமன்றங்களில் இருக்கிறது. அங்கே ஒப்பந்தம் எழுதுபவர், இருக்கும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். இந்தியாவில் பெரும்பாலான பெண்களுக்கு விட்டுக்கொடுக்க அப்படியொரு பங்கே கிடையாது. இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆவது பிரிவு திருமணத்தின்போதோ அதை ஒட்டியோ வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மணமான பிறகு இருபது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து உழைத்து வாங்கிய வீடு, யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. மனைவியிடம் இருப்பது ஜீவனாம்சமும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையும்தான். இந்தச் சூழலில் ஒப்பந்தச் சுதந்திரம் என்று சொன்னால், அந்த ஒப்பந்தம் பறித்துக்கொள்ள மிஞ்சியிருப்பது அவை இரண்டு மட்டுமே.

அரிசியாகக் கரையும் சம்பளம்

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தக் கவலை ஏது என்று எண்ணவேண்டாம். கோபர்கைரனேயில் கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் வீடுகளில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். கணவரின் சம்பளம் வீட்டுக் கடனின் மாதத் தவணைக்குப் போகிறது. மனைவியின் சம்பளம் அரிசிக்கும் பாலுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மாமியாரின் மருந்துக்கும் போகிறது. பத்தாண்டுகள் கழித்து வழக்கு வரும்போது வங்கிக் கணக்கு யார் பக்கம் பேசும்? அவருடைய சம்பளம் செங்கல்லாகி நிற்கிறது. அவளுடைய சம்பளம் எல்லோராலும் உண்ணப்பட்டுவிட்டது. அவள் செலவைத் தாங்கியதால்தான் அவரால் தவணை கட்ட முடிந்தது என்பதற்கு எந்த ரசீதும் கிடையாது.

சம்பளமே இல்லாத உழைப்பைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிடுகிறார்கள். இதைச் சொத்துரிமையின் கணக்கில் சேர்த்த தீர்ப்பு நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து வந்தது. நெய்வேலியில் வேலை பார்த்துப் பின்னர் சவூதி அரேபியாவுக்குச் சென்று பொருளீட்டிய ஒருவரின் பணத்தில் வாங்கிய சொத்துகள் பற்றிய வழக்கு அது. குடும்பத்தைக் கட்டிக்காத்த மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவர் அங்கே சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வீட்டுப் பணிக்குப் பங்கு தரும் சட்டம் இல்லை, மறுக்கும் சட்டமும் இல்லை என்ற இடைவெளியில் அவர் எழுதிய தீர்ப்பு அது. வரவேற்போம். ஆனால் ஒரு நீதிபதியின் நல்லெண்ணம் சட்டமாகிவிடாது.

சமபங்கு என்பது இறக்குமதிச் சரக்கு என்பாரும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டத்தை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்து நடைமுறைப்படுத்தினார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. மணவாழ்வின்போது தேடிச் சேர்த்ததே தேடிய தேட்டம். அதில் இருவருக்கும் பங்கு. மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் ஒப்புதல் வேண்டும் என்ற ஆணாதிக்கக் கட்டும் அதே சட்டத்தில் உண்டு, அதைப் போற்றவேண்டியதில்லை. ஆயினும் சேர்ந்து தேடியது இருவருக்கும் சொந்தம் என்ற கருத்துக்குத் தமிழில் பெயர் இருந்தது என்பதை மறக்கவேண்டாம்.

இந்தியாவுக்குள்ளேயே கோவா இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய உரிமையியல் சட்டத்தின் தொடர்ச்சியாக, அங்கே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மணம் முடிந்ததுமே இருவரின் சொத்தும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. வேறுவிதமாக ஏற்பாடு செய்துகொள்ள விரும்புவோர் மணத்துக்கு முன்பே முறைப்படி எழுதவேண்டும். மணமான பிறகு அதை மாற்ற முடியாது. மணவாழ்வுக்குள் வந்துவிட்ட ஒரு பெண்ணிடம் எப்படி வேண்டுமானாலும் கையெழுத்து வாங்க முடியும் என்பதை அந்தப் பழைய சட்டம் உணர்ந்திருந்தது போலும்! அங்கும் நிர்வாகம் கணவரின் கையில்தான் என்ற குறை உண்டு. பொதுச் சிவில் சட்டம் பேசும்போதெல்லாம் பாரதிய ஜனதா கட்சியினர் கோவாவைக் காட்டுகிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டத்தில் கோவாவின் இந்தப் பொதுச்சொத்து முறை இடம்பெறவில்லை. சேர்ந்து வாழும் இளைஞர்களைப் பதிவேட்டில் எழுதவைக்கத் துடித்தவர்களுக்கு, மனைவிக்கு வீட்டில் பாதி எழுதவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

காங்கிரஸ் தலைமையிலான அரசும் இதில் தயங்கியே நின்றது. 2010இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, மீட்க முடியாதபடி மணவாழ்வு முறிந்தால் கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்தது. 2013 ஆகஸ்டில் அந்த அவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல், 2014இல் அவை முடிந்தபோது காலாவதியானது. மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் சம உரிமை வேண்டும் என்பது இடதுசாரி மாதர் இயக்கம் நெடுங்காலமாக எழுப்பிவரும் கோரிக்கை. அதைத் தொழிற்சங்க மேடைகளிலும் எழுப்பவேண்டும். தளம் போடப்பட்ட பிறகு ஒப்பந்தங்களை அனுமதிப்பதில் நமக்கு மறுப்பில்லை. இருவரும் தங்கள் சொத்து விவரத்தை முழுதாக வெளிப்படுத்தி, இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் ஆலோசனை கிடைத்து, தளத்துக்குக் கீழே போகாமல் எழுதப்படும் ஒப்பந்தம் ஒரு பெண்ணுக்கு நன்மையே செய்யும். ராஜலக்கி தேபி கேட்டது அத்தகைய ஒன்றைத்தான்.

சட்டம் வரும்வரை நம் கிளைகளின் முன் தாள்கள் வந்துகொண்டுதான் இருக்கும். குடும்பத் தகராறைப் பேசித் தீர்த்துவைக்கும் பணியைத் தோழர்கள் கைவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்தைவிட நம்மை நம்பித்தான் மக்கள் வருகிறார்கள். ஆனால் உரிமை துறக்கும் தாளில் சாட்சிக் கையெழுத்து இடக்கூடாது என்பதில் விலக்கு வேண்டாம். தாளை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த மொழியில், கணவர் வீட்டார் இல்லாத இடத்தில், வாசித்துக் காட்டவேண்டும். 'பரஸ்பரச் சம்மதம்' என்ற சொல் இருந்தால் அடிக்கச் சொல்லவேண்டும். எந்தக் காரணத்தால் அவள் வெளியேறினாளோ அந்தக் காரணம் தாளில் இடம்பெறவேண்டும். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. அங்கே அழைத்துச் செல்வது கிளையின் வேலையாகட்டும். அவள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஜீவனாம்ச மனு கொடுக்கலாம். நாக்பூரிலிருந்து சென்ற ரஜனேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் இரண்டு செய்திகளை உறுதிசெய்தது: இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும், ஜீவனாம்சம் மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஆகவே சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவள் பணம்.

கணவனும் மனைவியும் இணக்கமாக இருக்கும்போதே எழுதிவைக்கத் தக்க பத்திரம் ஒன்றும் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் மனைவிக்குப் பங்கைத் தானமாக எழுதிப் பதிவு செய்ய மகாராஷ்டிர முத்திரைச் சட்டம் கேட்பது 200 ரூபாய். உள்ளாட்சி வரியும் பதிவுச் செலவும் தனி. கோபர்கைரனேயில் நிலம் சிட்கோவின் குத்தகை நிலம் என்பதால் சிட்கோவின் ஒப்புதலும், வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழில் பெயர் சேர்ப்பும் வேண்டும். ஆண் தோழர்கள் தங்கள் வீட்டுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்று அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் எடுத்துப் பார்க்கலாம்.